1869 ரட்கர்ஸ்–பிரின்ஸ்டன் கட்டுரையில் மறுபடி யார் கை வைத்தது?

தாள்புரட்டி:
ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு அமெரிக்கக் கல்லூரிகள் 1869ல ஆடின ஆட்டத்தைப் பற்றி நம்ம கலைக்களஞ்சியத்தில் இருக்கிற கட்டுரையின் முதல் வரி மறுபடி மாறியிருக்கு. "1869 நவம்பர் 6 அன்று நியூ பிரன்ஸ்விக்கில் உலகின் முதல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் நடைபெற்றது" என்று இப்போ நிற்குது. தொகுப்புச் சுருக்கத்தில், "ஊரறிந்த விஷயம், சான்று தேவையில்லை." ஊரறிந்த விஷயத்துக்குத்தான் சாமி முதல்ல சான்று வேணும்.

அன்னிக்கு ஆடினது என்ன? அணிக்கு 25 பேர். லண்டன் ஃபுட்பால் அசோசியேஷன் விதிகளைத் தழுவின ஆட்டம். பந்தை உதைக்கலாம், தட்டலாம். கையில் வச்சுக்கிட்டு ஓடினாலோ எறிந்தாலோ ஃபவுல். ஸ்கிரிமேஜ் கோடு (ஒவ்வொரு முறையும் இரண்டு அணியும் எதிரெதிரே நிற்கிற கோடு) கிடையாது, டவுன் (பந்தை முன்னேற்றக் கிடைக்கிற ஒரு முயற்சி) கிடையாது, டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோறது) கிடையாது. பந்து உருண்டை. திரும்பச் சொல்றேன், பந்து உருண்டை; அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு முட்டைப் பந்து. "அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் ஃபுட்பால் ஆட்டமாகக் கருதப்படுகிறது" என்று பழையபடி மாற்றிட்டேன்.

ஸ்கார்லெட்_25:
மாத்தினது நான்தான், ஒளிஞ்சு ஒண்ணும் செய்யல. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தற என்சிஏஏ அமைப்பு கல்லூரி ஃபுட்பால் கணக்கை 1869ல இருந்துதான் ஆரம்பிக்குது. 1969ல நூற்றாண்டு கொண்டாடினாங்க, அமெரிக்க அஞ்சல் துறை 6 சென்ட் தபால்தலையே போட்டுச்சு. 2019ல 150 வருஷம். இவங்க யாருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு. பந்து உருண்டையா இருந்தா என்ன? ரட்கர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4. ஆட்டம் நடந்தது, ஜெயிச்சாங்க. வரியைத் திரும்ப வச்சாச்சு.

நடுக்கோடு:
ரெண்டு வரியுமே தப்பு. 1880க்கு முன்னாடி அமெரிக்கன் ஃபுட்பால்னு எதுவுமே இல்ல. அந்த வருஷம்தான் யேல் கல்லூரியில ஆடின வால்டர் கேம்ப் முயற்சியில, ரக்பி மாதிரி பந்தைச் சுத்தி முட்டி மோதற ஸ்கிரம் போய் ஸ்கிரிமேஜ் கோடு வந்தது, 15 பேர் 11 ஆனாங்க. அதுவும் பாதிக் கிணறுதான். பந்து ஒரு பக்கம் வந்துட்டா விடவே வேண்டாம்னு ஆயிடுச்சு. 1881ல பிரின்ஸ்டனும் யேலும் ஆளுக்கு ஒரு பாதி பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே 0–0ன்னு முடிச்சாங்க, பார்க்க வந்தவங்க கொட்டாவி விட்டாங்க. அதனாலதான் 1882ல மூணு டவுனுக்குள்ள 5 கெஜம்னு விதி. அதை அளக்க மைதானம் பூரா 5 கெஜத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. இதெல்லாம் இல்லாத ஆட்டத்துக்கு அந்தப் பேரு எப்படி?

மொன்றியல்வாசி:
நீங்கள் சண்டை பிடியுங்கோ. 1874 மே 14, 15ஐ ஏன் ஒருத்தரும் தொடேல்லை? கனடாவின்ர மக்கில் பல்கலைக்கழகப் பெடியள் அமெரிக்காவில இருக்கிற கேம்பிரிட்ஜுக்கு வந்து ஹார்வர்டோட ஆடினவை. முதல் நாள் ஹார்வர்டின்ர பாஸ்டன் விதி, 3–0 எண்டு ஹார்வர்டுக்கு வெற்றி. அடுத்த நாள் ரக்பி விதி, முட்டைப் பந்து, 0–0. அந்த ரெண்டாம் நாள் ஆட்டம் பிடிச்சுப்போய்த்தான் ஹார்வர்ட் ரக்பிப் பக்கம் சாய்ஞ்சது. 1875 நவம்பரில யேலையும் அந்தப் பக்கம் இழுத்தது. 1876 நவம்பர் 23 ஸ்பிரிங்ஃபீல்ட் மசசாய்ட் ஹவுசில, ரக்பியைத் தழுவிக் கல்லூரிகள் பொது விதி போட்ட கூட்டம் அதுக்குப் பிறகுதான். கட்டுரையில மக்கிலுக்கு அரை வரி. கனடா எண்டால் கிள்ளுக்கீரையோ?

தாள்புரட்டி:
மொன்றியல்வாசி, அந்த அரை வரியும் நான் சேர்த்ததுதான். இது ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றிய கட்டுரை. மக்கிலை விளையாட்டின் வரலாற்றுக் கட்டுரையில் விரிவா எழுதுங்க, யாரும் தடுக்கல. அப்படியே டஃப்ட்ஸ் கல்லூரியையும் சேருங்க. 1875 ஜூன் 4ல ஹார்வர்டை 1–0ன்னு ஜெயிச்சதை வச்சு அவங்களும் "முதல்" என்கிறாங்க.

நடுக்கோடு, 1880 உங்க முடிவு. நான் எந்த வருஷத்தையும் முடிவு பண்ணல. பந்து உருண்டை என்று மட்டும்தான் சொல்றேன்.

ஸ்கார்லெட்_25:
சரி, அளவுக்கு வாங்க. 1869 விதியில மைதானம் 360 அடி நீளம். இன்னிக்கு அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம், இரண்டு முனையிலும் இருக்கிற எண்ட் ஸோனோட சேர்த்து எவ்வளவு? 120 கெஜம். அதாவது 360 அடி. இதுக்கு என்ன சொல்றீங்க ஐயா?

தாள்புரட்டி:
எங்க வீட்டு மாடிப்படியும் கோயில் குளத்துப் படியும் ஒரே எண்ணிக்கை என்றால் எங்க வீடு கோயில் ஆயிடுமா? அந்த விதியை முழுசாப் படிங்க. அகலம் 225 அடி, இன்னிக்கு 160. கோல் அகலம் எட்டு தப்படி தூரம். இடைப்பட்ட காலத்துல மைதானம் 110 கெஜமா இருந்தது. 1912ல அதை 100 ஆக்கி இரண்டு முனையிலும் 10 கெஜ எண்ட் ஸோன் போட்டாங்க. அப்படி வந்ததுதான் உங்க 120. அதே 1912லதான் நாலாவது டவுனும் 6 புள்ளி டச்டவுனும். 43 வருஷத்தை எகிறிக் குதிச்சுப் பொருத்தம் பார்க்காதீங்க.

சான்று என்றால் என்ன என்று தெரியாம ஆளாளுக்கு எழுதறதால இதையும் சொல்லிடறேன். இந்த ஆட்டத்துக்கு மூணு அடுக்குல தகவல் இருக்கு. ஒண்ணு, ரட்கர்ஸ் மாணவர் இதழ் டார்கம், அதே 1869 நவம்பர் மாசச் செய்தி. பந்து வேலி தாண்டிப் பக்கத்து மனைக்குள்ள போய் விழுந்து ஆட்டம் நின்னு நின்னு நடந்தது எல்லாம் அதுல இருக்கு. ரெண்டு, ரட்கர்ஸ் சார்பில் ஆடின ஜான் ஹெர்பர்ட் பல வருஷம் கழிச்சுச் சொன்னது: தன் இடத்தைக் காக்கிற ஃபீல்டர் 11, பந்தைத் துரத்தற புல்டாக் 12, எதிர் கோல் முன்னால 2 பேர், ஆக 25. மூணு, பார்க் டேவிஸ் 1911ல எழுதின புத்தகம். 42 வருஷம் கழிச்சு எழுதினது, எழுதினவர் பிரின்ஸ்டனில் ஆடினவர். 1869ல இருந்து தேசிய சாம்பியன் பட்டியலைப் பின்னோக்கிப் போட்டவரும் இவர்தான், அது வந்தது 1933 ஸ்பால்டிங் ஃபுட்பால் கையேட்டில். இந்த மூணையும் ஒரே வாக்கியத்துல கலந்து கடைசியில் ஒரு மேற்கோள் எண் குத்தினா எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. "ஹெர்பர்ட்டின் நினைவுப்படி" என்று வாக்கியத்துக்குள்ளேயே வரணும்.

பழைய செய்தித்தாள் தேடறவங்களுக்கு: ஃபுட்பாலை அந்தக் காலத்துல ஒரு சொல்லாவும் இரண்டு சொல்லாவும் நடுவில் சிறு கோடு போட்டும் அச்சடிச்சாங்க. மூணு விதமாவும் தேடுங்க, ஒண்ணை விட்டா பாதிச் செய்தி கண்ணில் படாது. பிரின்ஸ்டனின் அதிகாரப்பூர்வப் பேர் 1896 வரை நியூ ஜெர்சி கல்லூரி. அதையும், பிரின்ஸ்டனுக்கு வழங்கின இன்னொரு பேரான நாசோவையும் (Nassau) போட்டுத் தேடணும். ஸ்கேன் எழுத்துணரியை நம்பி ஸ்கோரை எடுக்காதீங்க. மங்கின அச்சுல 6ஐ 0ன்னும் 3ஐ 8ன்னும் படிக்கும், பக்கத்துப் பத்தி வரியை இந்தப் பத்தியில ஒட்டும். படத்தைத் திறந்து கண்ணால பாருங்க. அஞ்சு பத்திரிகையில ஒரே வாசகம் வந்திருந்தா அது அஞ்சு சான்று இல்ல, ஒண்ணுதான். ஒருத்தர் அச்சடிச்சதை மத்தவங்க எடுத்துப் போட்டிருப்பாங்க.

ஸ்கார்லெட்_25:
பாடம் முடிஞ்சுதா? இவ்வளவு எழுதியும் என்சிஏஏவுக்குப் பதில் இல்ல. நமக்கு வேண்டியது இரண்டாம்நிலைச் சான்று, அதாவது மத்தவங்க ஆராய்ஞ்சு எழுதினது. டார்கம் முதல்நிலை, அந்தக் காலத்து நேரடிச் செய்தி. அதை வச்சு "இது அமெரிக்கன் ஃபுட்பால் இல்லை"னு முடிவு கட்டினா அதுக்குப் பேர் சொந்த ஆய்வு. விதியை எல்லாருக்கும் காட்டறவர் நீங்கதானே?

தாள்புரட்டி:
நான் "இல்லை" என்று கட்டுரையில் எழுதவே இல்ல. "கருதப்படுகிறது" என்று எழுதினேன். என்சிஏஏ சொல்றது முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம். "உலகின்" எங்கே இருந்து வந்தது? உங்க கீபோர்டுல இருந்து. தபால்தலையையும் எடுத்துப் பாருங்க, கல்லூரிகளுக்கு இடையிலான ஃபுட்பால் என்றுதான் போட்டிருக்கு. அதுல ஒரு கோச் வேற நிக்கிறார். 1869ல மாணவர்களே நடத்தின ஆட்டத்துக்கு ஏது கோச்? பந்து உருண்டை.

மேற்கோள்_எங்கே:
குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். 1892 நவம்பர் 12, அலெகெனி அத்லெடிக் அசோசியேஷன்–பிட்ஸ்பர்க் அத்லெடிக் கிளப் ஆட்டத்தைப் பத்தின கட்டுரையில 4–0ஐ 6–0ன்னு "திருத்தினது" யாரு? எதிரணி தவறவிட்ட பந்தை அலெகெனியின் பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர் எடுத்து ஓடிப் போட்டது ஒரே டச்டவுன்; அப்போ டச்டவுனுக்கு 4 புள்ளி. 1898ல 5, 1912லதான் 6. 1883ல வெறும் 2 புள்ளிதான், உதைச்சுப் போடற ஃபீல்டு கோலுக்கு 5. அதுக்கும் முன்னாடி புள்ளியே கிடையாது. 1876 விதிப்படி நாலு டச்டவுன் ஒரு கோலுக்குச் சமம், அவ்வளவுதான். 1875 ஹார்வர்ட்–யேலை 4–0ன்னு போட்டா அது நாலு கோல். அதைப் புள்ளிப் பத்தியில ஏத்தினா, தானா கணக்குப் போடற வார்ப்புரு அட்டவணை சீசன் மொத்தத்தோட கூட்டிடும். 1883க்கு முந்தின சீசன்ல அந்தப் பத்தியையே எடுத்துடுங்க.

நடுக்கோடு:
6–0 நான்தான் மாத்தினேன். வாசகர் இன்னிக்கு இருக்கிற கணக்குல படிக்கிறார், அவருக்குப் புரியணும்.

மேற்கோள்_எங்கே:
வாசகருக்குப் புரியணும்னு ஹெஃபல்ஃபிங்கருக்குக் கொடுத்ததா அலெகெனி கணக்குப் புத்தகத்துல இருக்கிற 500 டாலரையும் இன்னிக்கு மதிப்புக்கு மாத்திடுவீங்களா? அந்த ஒரு தாள் கிடைச்சதாலதான் "முதல் தொழில்முறை வீரர்" லட்ரோப் ஊர் அணியின் ஜான் பிராலியர்ங்கிற கதையே மாறுச்சு. அவர் வாங்கினது 1895ல, 10 டாலரும் செலவும். கிடைச்ச எண்ணைக் கிடைச்சபடி வைங்க, கீழே குறிப்பு போடுங்க.

நடுக்கோடு:
குறிப்பு போட்டா தாள்புரட்டி நீளம்னு தூக்கிடுவார். பாஸ்டனின் ஓனைடா ஃபுட்பால் கிளப் பத்தி நான் எழுதினதைத் தூக்கினவர்தானே.

தாள்புரட்டி:
வந்துட்டீங்களா அதுக்கு? பாஸ்டன் காமனில் நிற்கிற கல்லில் பொறிச்சதை அப்படியே இறக்கி "அமெரிக்காவின் முதல் கிளப்" என்று எழுதியிருந்தீங்க. ஓனைடா ஆடினது 1862 முதல் 1865 வரை. கல் நட்டது 1925ல, கிளப்பில் ஆடின பழைய ஆட்களே நின்னு நட்டது. தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே அடிச்சவர் சொல்றதைச் "சொல்கின்றனர்" என்று எழுதலாம், உண்மை என்று எழுத முடியாது. அதைத்தான் திருத்தினேன். தூக்கல.

நடுக்கோடு:
மூணு பத்தி அரைப் பத்தி ஆனா அதுக்குப் பேர் திருத்தமா? நல்ல தமிழ்.

மொன்றியல்வாசி:
இந்தக் கட்டுரையில ரெண்டாவது ஆட்டத்தையும் ஆராவது பாத்தியளோ? நவம்பர் 13, பிரின்ஸ்டன் 8–0. அங்க பிரின்ஸ்டன் விதி, பந்தை அந்தரத்தில பிடிச்சால் ஃப்ரீ கிக். அதாலதான் ரட்கர்ஸ் தடுமாறினது. ஒரு கிழமை இடைவெளியில ஒரே ரெண்டு கல்லூரி ரெண்டு விதியில ஆடியிருக்கு. அப்ப முதல் ஆட்டத்தின்ர விதியைப் பிடிச்சுத் தொங்கி என்ன பலன்?

ஸ்கார்லெட்_25:
பார்த்தீங்களா, 8–0 ஆட்டத்துல கையால பிடிச்சிருக்காங்க! இது சாக்கர் இல்லைன்னு ஆயிடுச்சு. வரியை மறுபடி வச்சிட்டேன்.

தாள்புரட்டி:
நவம்பர் 13ல பிடிச்சதுக்கு நவம்பர் 6க்குப் பட்டம் கட்டறீங்க. லண்டன் 1863 விதியிலேயே பந்தைப் பிடிச்சு ஃப்ரீ கிக் எடுக்க இடம் இருந்தது, அப்போ லண்டன்காரங்களும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினாங்களா? உருண்டைப் பந்தைக் கையால பிடிச்சாலும் அது உருண்டைதான். 24 மணி நேரத்துல இது உங்க மூணாவது மீளமைப்பு. நாலாவது போட்டா தடைக்கு எழுதுவேன். பக்கத்தைப் பூட்டவும் நிர்வாகிகளிடம் கேட்டிருக்கேன்.

ஸ்கார்லெட்_25:
பூட்டட்டும். இப்போ நிக்கிறது என் வரி.