மீன் கமிஷன் கடைக் கணக்கு மென்பொருளை ஓப்பன் சோர்ஸாகக் கொடுக்க வேண்டும், லைசென்ஸில் நிற்கிறது. வழி சொல்லுங்கள்

பாம்பன்_கரை

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் கமிஷன் கடைக்காக 2016இல் எழுத ஆரம்பித்த ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் இன்று பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் பதினோரு கடைகளில் ஓடுகிறது. படகு கரைக்கு வந்ததும் கூடை கூடையாக ஏலம் போகும் இல்லையா, எந்த வியாபாரி எதை என்ன விலைக்கு எடுத்தார், படகுக்காரர் வாங்கிய முன்பணத்தில் இன்று எவ்வளவு கழிக்க வேண்டும், டீசலும் ஐஸும் போக மிச்சம் என்ன, எல்லாம் ஒரே திரையில் வந்து கடைசியில் சிட்டை அச்சாகும். கை ஈரமாகவே இருக்கும் என்பதால் மௌஸைத் தொடாமல் எண் விசைகளிலேயே எல்லாம் முடிகிற மாதிரி செய்திருக்கிறேன்.

ஜூலையில் எனக்கு வெளிநாட்டில் வேலை. அதற்குப் பிறகு இதைப் பார்க்க ஆளில்லை. அதனால் ஒரு ஓப்பன் சோர்ஸ் குழுவுக்கு மொத்தமாக அனுப்பினேன். “உரிமம் தெளிவாக இல்லை, இப்படியே எடுக்க முடியாது” என்று திருப்பிவிட்டார்கள். நான் எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான்: “இலவசம். யாரும் பயன்படுத்தலாம். விற்கக் கூடாது.” இதை எடுத்துவிட்டு எம்ஐடி உரிமம் என்று போட்டால் சரியாகிவிடுமா? எழுதியது பைத்தானில், திரைக்குப் பைக்யூடி5, தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட். அச்சடிக்கும் பகுதி மட்டும் சித்தப்பா மகன் எழுதியது.

தொண்டி_லினக்ஸ்

தம்பி, ஆகாது. முதலில் அந்த “விற்கக் கூடாது” போக வேண்டும். எந்தத் தொழிலுக்கும், எந்த ஆளுக்கும் தடை வைக்காத உரிமத்தைத்தான் ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். அந்த இரண்டு சொல் இருக்கிற வரை எந்தக் குழுவும் கை வைக்காது.

அடுத்தது பைக்யூடி. அதை ஜிபிஎல் 3 என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் எடுக்கலாம், இல்லை காசு கொடுத்து வணிக உரிமம் வாங்கலாம். நீங்கள் காசு கொடுத்திருக்க மாட்டீர்கள். அப்படியென்றால் உங்கள் வரிகளுக்கு எம்ஐடி போட்டாலும் இரண்டும் சேர்ந்து கடைக்குப் போகிற மென்பொருளுக்கு ஜிபிஎல் 3தான் பொருந்தும். எம்ஐடியே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதே வேலையைச் செய்கிற பைசைடுக்கு மாறலாம், அது எல்ஜிபிஎல் என்ற தளர்வான உரிமத்தில் வருகிறது, மாற்றமும் பெரிதாக இருக்காது. எஸ்க்யூலைட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது பொதுச் சொத்தாகவே விடப்பட்டது.

பாம்பன்_கரை

அண்ணா, அந்த வரியை நான் சும்மா போடவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை என் பெயரை எடுத்துவிட்டு இதையே ஐயாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேருக்கு விற்றது. காசு கொடுத்தவர்கள் எங்கள் ஊர் ஆட்கள். அது இன்னும் மனதில் இருக்கிறது.

தொண்டி_லினக்ஸ்

புரிகிறது. அப்படியானால் ஜிபிஎல்தான் உங்களுக்கு ஏற்றது, எம்ஐடி இல்லை. எம்ஐடியில் உங்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மூலநிரலைப் பூட்டிவிட்டு விற்கலாம். ஜிபிஎல்லில் விற்கலாம், ஆனால் வாங்குகிறவருக்கு மூலநிரல் கிடைக்க வழி செய்தாக வேண்டும், உங்கள் பதிப்புரிமை வரியை அழிக்கக் கூடாது, வாங்கியவர் பக்கத்துக் கடைக்குச் சும்மா கொடுத்தால் தடுக்கவும் முடியாது. இது ஊருக்குத் தெரிந்துவிட்டால் யார் ஐயாயிரம் கொடுப்பார்கள்? நிறுவித் தரவும் சொல்லிக் கொடுக்கவும் ஒருவர் கூலி வாங்கினால் வாங்கட்டும், அது உழைப்பு.

கீழக்கரை_ஆவணம்

நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், இந்த விஷயத்தில் பலர் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். (பேச்சில் எல்லோரும் காப்புரிமை என்கிறார்கள், இங்கே பேசுவது பதிப்புரிமை.) 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள்தான் வருகிறது. அச்சுப் பகுதியை உங்கள் தம்பி எழுதினார் என்றால் அது அவருடையது, சொந்தக்காரர் என்பதால் உங்களுடையது ஆகிவிடாது. ஜிபிஎல் 3இல் வெளியிடச் சம்மதம் என்று அவர் எழுத்தில் தர வேண்டும். அப்புறம், அதை எழுதியபோது அவர் எங்காவது வேலையில் இருந்தாரா? வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை முதல் உரிமையாளர் முதலாளிதான். 17ஆம் பிரிவு.

இன்னொன்று. “மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன்” என்கிறீர்கள். உரிமையையே எழுதிக் கொடுக்கத் தேவையில்லை, உரிமம் கொடுத்தாலே போதும். எழுதித்தான் கொடுப்பேன் என்றால் 19ஆம் பிரிவைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்: எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். நல்ல மனதோடு இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் ஐந்து வருடம் கழித்துக் குழம்பி நிற்பது இதனால்தான்.

பாம்பன்_கரை

தம்பி அப்போது கல்லூரியில் மூன்றாம் வருடம், வேலையில் இல்லை. இன்றே மெயில் கேட்கிறேன். நிரலைத் திறந்து பார்த்தால் வேறு சிக்கல்களும் தெரிகின்றன. சிட்டைக்கான தமிழ் எழுத்துரு பழைய டிடிபி கடையிலிருந்து வாங்கி வந்தது. யாருடையது என்று தெரியவில்லை, யூனிகோடும் இல்லை. அதைவிட, சோதித்துப் பார்க்க வைத்திருந்த தரவுத்தளம் 2018ஆம் வருட உண்மைக் கணக்கு. யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று முழுப் பெயரோடு இருக்கிறது. அதை அழித்துவிட்டேன்.

மண்டபம்_பொறி

அழித்துவிட்டேன் என்றால் எப்படி? கிட் நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமித்து வைக்கிற கருவி. அதில் ஒரு கோப்பை நீக்கி கமிட் போட்டால், அதாவது அந்த மாற்றத்தைப் பதிந்தால், இன்றைய நிலையிலிருந்துதான் போகும், பழைய கமிட்டுகளில் அப்படியே இருக்கும். யார் வேண்டுமானாலும் பின்னால் போய் எடுத்துப் பார்க்கலாம். கிட் ஃபில்டர்-ரீப்போ என்ற கருவியால் வரலாறு முழுக்க அந்தக் கோப்பை எடுங்கள். புது ரெப்போ (நிரலும் வரலாறும் இருக்கிற கிடங்கு) தொடங்கி எல்லாவற்றையும் கொட்டலாம் என்று தோன்றும், வேண்டாம், எதை நீங்கள் எழுதினீர்கள், எதைத் தம்பி எழுதினார் என்பதற்கு அந்த வரலாறுதான் சாட்சி. ஏற்கெனவே குழுவுக்கு அனுப்பிய பிரதியையும் அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பணக் கணக்கு வெளியே போனால் ஒரு குடும்பத்தின் மானம் போகும், கரையில் இருக்கிற நமக்கு அது தெரியும்.

எழுத்துருவுக்கு லோஹித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். இரண்டும் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ், மென்பொருளோடு சேர்த்தே கொடுக்கலாம். ஐகான்களையும் ஒரு தடவை பாருங்கள், கூகுளில் தேடி எடுத்தது இருந்தால் தூக்கிவிடுங்கள்.

தொண்டி_லினக்ஸ்

உரிமம் சரியானாலும் குழுக்கள் கேட்கிற அடுத்த கேள்வி, யார் பார்த்துக்கொள்வது என்பதுதான். கேடிஇ போன்ற பெரிய ஓப்பன் சோர்ஸ் சமூகமே புதிதாக வரும் மென்பொருளுக்கு இன்குபேட்டர் என்று ஒரு வழி வைத்து, உள்ளே இருப்பவர் ஒருவர் கூடவே நின்று நடத்திக் கொண்டுபோகிற மாதிரிதான் எடுக்கிறது. உங்களுடையது தமிழில் ஓடுகிற சின்ன மென்பொருள், கணியம் அறக்கட்டளையிடமோ விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுவிடமோ பேசிப் பாருங்கள். ஜிப் கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள், பேசுங்கள்.

பாம்பன்_கரை

நான்கு நாளில் முடிந்தவை: தம்பியிடமிருந்து மெயில் வந்துவிட்டது, அதை ரெப்போவிலேயே சேர்த்தேன். ஜிபிஎல் 3இன் முழு வாசகம் ஒரு கோப்பாக, ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் பதிப்புரிமை வரி. கணக்குக் கோப்பு வரலாற்றிலிருந்தே போனது, குழுவும் பிரதியை அழித்துவிட்டதாகப் பதில் போட்டார்கள். லோஹித்தில் “ஸ்ரீ” சரியாக விழுகிறது, ஆனால் சிட்டையின் அகலம் மாறி “விளமீன்” இரண்டு வரியாகிவிட்டது, அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு என்ற நம் பக்கத்து ஏற்பாட்டை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறேன். வேறு ஊர்க் கடைக்கு அது உதவாது. அமைப்புகளில் மாற்றிக்கொள்கிற மாதிரி யாராவது செய்து தர முடியுமா?

மண்டபம்_பொறி

நான் செய்கிறேன். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில், எங்கள் மாமா கடையும் சும்மாதான் கிடக்கிறது. அங்கேயே உட்கார்ந்து எழுதி, நாட்டுப்படகு வரவை வைத்துச் சோதித்துவிடுகிறேன். எந்தக் கோப்பு என்று மட்டும் சொல்லுங்கள்.

பாம்பன்_கரை

நாட்கணக்கு என்ற கோப்பில் 212ஆவது வரியிலிருந்து. ரெப்போவில் உங்களுக்கும் அனுமதி கொடுத்துவிட்டேன் அண்ணா.