ரூட் கனால் செய்தவர்கள், பயந்து ஓடியவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்லடி வாசி:
வலியைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறீர்கள். எனக்கு மறக்காதது மணம். கீழ்க் கடைவாய்ப்பல், சூத்தை நரம்பு வரை போய்விட்டது. விறைப்பூசி போட்ட பிறகும் முதல் தடவை தொட்டதும் சுள்ளென்றது. "சீழ் பிடித்த இடத்தில் மருந்து லேசில் ஏறாது" என்று பல் டொக்டர் இன்னொன்று போட்டார். அதோடு வலி சரி. அப்புறம் பல் வேருக்குள் இருக்கும் கால்வாயை, அதுதான் ரூட் கனால், பைல் என்கிற மெல்லிய அர ஊசிகளால் சுரண்டிச் சுரண்டி, ஏதோ திரவம் விட்டுக் கழுவினார். வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடுவார்களே, அதே மணம். சோடியம் ஹைப்போகுளோரைட்டாம். கிருமியைக் கொன்று, செத்த சதையையும் கரைக்குமாம். வெளியே வந்தால் சித்தி என் முகத்துக்கு நேரே கையை நீட்டி, "எத்தனை விரல் மனே?" என்று கேட்டா. பல்லில் கை வைத்தால் கண் போய்விடும் என்பது அவவின் முடிவு.

அக்கரைப்பற்று மருமகள்:
எங்கள் மாமாவுக்கு இரவிரவாகப் பல்வலி. கராம்பு எண்ணெய், பனடோல், பார்மசியில் தானே கேட்டு வாங்கிய அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் குளிசை. ஒருநாள் வலி தானாக நின்றது. "பார்த்தியா, கராம்பு கேட்டிருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நரம்பு செத்ததால்தான் வலி நின்றது என்று யாருக்குத் தெரியும்? உள்ளே கிருமி வேர் நுனி எலும்பு வரை போயிருக்கிறது. நோன்புப் பெருநாள் காலை கன்னம் வீங்கித் தாடை இறுகிவிட்டது. வட்டிலப்பம் முன்னால் இருக்கிறது, கரண்டி நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. சின்னப் பிள்ளைபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

களுவாஞ்சிக்குடி பொடியன்:
கல்லடி அண்ணன், சித்தியைப் பகிடி பண்ணாதீங்க. எங்கள் பெரியப்பாவுக்கு மேல் வேட்டைப்பல் சீழ் பிடித்துக் கண்ணுக்குக் கீழே வரை வீங்கியது. அதைக் கண்ட சனம் பல்லுக்கும் கண்ணுக்கும் முடிச்சுப் போடத்தானே செய்யும்? வீங்க வைத்தது சிகிச்சை இல்லை, சிகிச்சைக்குப் போகாதது. பல்லுக்கு வருவது முக்கிளை நரம்பு, பார்வை நரம்பு வேறு. இதைச் சித்திக்கு நீங்கள் சொன்னீங்களா, அல்லது இங்கே வந்து சிரிக்க மட்டும்தானா?

ஏறாவூர் நானா:
என் கதை சின்னது. தம்பி ரூட் கனால் செய்துவிட்டு, வலிதான் இல்லையே என்று கிரவுன், அதாவது பல்லுக்கு மேல் மாட்டும் உறை, போடாமல் விட்டான். கச்சான் கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளந்தது. பிடுங்க வேண்டியதாகிவிட்டது.

அதனால் சொல்கிறேன். கடைவாய்ப்பல் என்றால் கிரவுன் பற்றி முதலிலேயே கதையுங்கள். எக்ஸ்ரே எடுக்காமல் தொடங்கினால் ஏன் என்று கேளுங்கள். சிகிச்சை செய்யும் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டச் சொல்லுங்கள். பைல் தொண்டைக்குள் விழாது, எச்சில் பல்லுக்குள் போகாது. தற்காலிக அடைப்பு இருக்கும்போது அந்தப் பக்கத்தால் முறுக்குக் கடிக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது நோகும், அது சாதாரணம். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் உடனே போங்கள். மருமகளின் மாமா போல் அமொக்சிசிலினை மட்டும் நம்பாதீர்கள்: செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை, குளிசை அங்கே எப்படிப் போய்ச் சேரும்? பிறகு, வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, ரூட் கனால் செய்த பல்லால் உடம்பெல்லாம் நோய் வருமென்று. அது வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1920களில் சொன்னது. அவருடைய பரிசோதனைகளைப் பிறகு வந்தவர்கள் சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். நூறு வருசப் பழைய சரக்கை இன்னும் போர்வேர்ட் பண்ணுகிறார்கள்.

திருக்கோவில் ராசாத்தி:
நானா, யாரும் கேட்காமலே இவ்வளவு சொன்னீங்கள், இதையும் சொல்லுங்கள். எனக்கு மேல் கடைவாய்ப்பல். மூன்று கால்வாய் என்றுதான் தொடங்கினார். நேற்று உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் குடைந்துவிட்டு, "நாலாவது ஒன்று இருக்கு, திரும்ப வாங்க" என்கிறார். காசு பிடுங்கவா?

ஏறாவூர் நானா:
இல்லை தங்கச்சி. மேல் முதல் கடைவாய்ப்பல்லில் நாலாவது கால்வாய் இருப்பது வழமைதான். மிக மெல்லியது, பல பேருக்குத் தவறிப்போவதும் அதுதான். தேடிப் பிடித்திருக்கிறார், போங்கள்.