குரோபோட்கின், 1914: தவறியது மனிதரா, கொள்கையா?

ஆற்றுமணல்:
ரஷ்ய அரசின்மைவாதி குரோபோட்கினைப் படித்து முடித்து ஒரு வாரமாகிறது, ஒரு விஷயம் மட்டும் ஜீரணமாகவில்லை. அரசே வேண்டாம் என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர், 1914-ல் போர் மூண்டதும் பிரான்ஸ், ரஷ்யா, பிரிட்டன் பக்கம் போய் நின்றார். 1916-ல் இப்போது சமாதானப் பேச்சு கூடாது, ஜெர்மனியை எதிர்த்தே ஆக வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்தும் போட்டார். எல்லையில் படை வந்து நின்றால் அரசின்மைவாதிக்கும் அரசு வேண்டியிருக்கிறது. கொள்கை அன்றைக்கே செத்துவிட்டது என்பேன்.

கருப்புமை:
ஒருவர் சறுக்கினால் கொள்கை சாகுமா? அதே 1914 நவம்பரில் லண்டன் 'ஃப்ரீடம்' பத்திரிகையில் இத்தாலிய அரசின்மைவாதி மலட்டெஸ்டா அவரைக் கண்டித்து எழுதினார். குரோபோட்கினும் சேர்ந்து 1886-ல் தொடங்கிய பத்திரிகை அது. மலட்டெஸ்டா அவருக்கு நெடுநாள் நண்பர் வேறு. அமெரிக்காவில் அரசின்மைவாதிகள் எம்மா கோல்ட்மனும் அலெக்சாண்டர் பெர்க்மனும் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து 1917-ல் ஆளுக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை வாங்கினார்கள். நீங்கள் சொல்லும் அந்த 1916 'பதினாறு பேர் அறிக்கை'யில் கையெழுத்திட்டவர்களே பதினைந்து பேர்தான். ஒருவருடைய ஊரின் பெயரையும் ஆளாக எண்ணிவிட்டார்கள்!

வெயிலான்:
ஊருக்கும் ஓட்டு உண்டு போல :) நம் மொழியில் 'அராஜகம்' என்றாலே அடிதடி என்றுதான் அர்த்தம், முதலில் இந்த அனார்கிசத்துக்கு (அரசின்மைவாதத்துக்கு) ஒரு நல்ல சொல் கண்டுபிடியுங்கள்.

மூன்றாம்பக்கம்:
இருவரும் 1914-லேயே நிற்கிறீர்கள், கொஞ்சம் பின்னால் போவோம். 1842-ல் மாஸ்கோவில் இளவரசராகப் பிறந்தவர் குரோபோட்கின். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரின் அரண்மனையில் பணிசெய்த பையன். 1862-ல் எந்தப் படைப்பிரிவை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்றபோது சைபீரியாவைக் கேட்டு வாங்கினார். தலைநகரிலிருந்து வரும் உத்தரவுகள் அங்கே எதற்கும் உதவாததையும், குடியானவர்கள் தாங்களே கூடி வேலைகளை முடிப்பதையும் பார்த்தார். கடும் பனியில் விலங்குகள் ஒன்றோடொன்று மோதுவதைவிடச் சேர்ந்து பிழைப்பதைத்தான் அதிகம் கண்டார். இயற்கை ஒரு மல்யுத்தக் களம் என்ற பாணியில் ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி 1888-ல் எழுதியபோது, இந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் எழுத ஆரம்பித்தார். அந்தக் கட்டுரைகள் 1902-ல் 'பரஸ்பர உதவி' என்று புத்தகமாயின.

சரி, அப்படிக் கண்ணால் பார்த்து நம்பியவர் பிரான்ஸ் விஷயத்தில் மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டார். அவருக்கு பிரான்ஸ் என்றால் 1789 புரட்சி, பாரிஸ் மக்களே நகரை ஆண்ட 1871 பாரிஸ் கம்யூன். ஜெர்மனி என்றால் இரும்புக்கர அரசை நடத்திய பிஸ்மார்க். மக்களை அரசிலிருந்து பிரித்துப் பார்க்கச் சொன்னவரே இரண்டையும் ஒன்றாக்கினார். இத்தனைக்கும் 1883 முதல் 1886 வரை அவரைச் சிறையில் வைத்திருந்ததும் அதே பிரெஞ்சு அரசுதான்.

ஆற்றுமணல்:
விலங்குகள் சேர்ந்து பிழைக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு புற்றுக்குள் அவ்வளவு ஒற்றுமையாக இருக்கும் எறும்பு, பக்கத்துப் புற்றோடு யுத்தம் செய்கிறதே. உள்ளே உதவி, வெளியே சண்டை. குரோபோட்கின் 1914-ல் செய்ததும் அதுதான்.

கருப்புமை:
1917-ல் ரஷ்யா திரும்பியதும் இடைக்கால அரசின் கெரென்ஸ்கி மந்திரி பதவி தர முன்வந்தார், குரோபோட்கின் மறுத்துவிட்டார். 1920-ல் போல்ஷெவிக்குகள் எதிராளிகளைப் பணயக்கைதிகளாகப் பிடித்தபோது, மாஸ்கோவுக்கு அருகே தான் வாழ்ந்த திமித்ரோவிலிருந்து லெனினுக்கே கண்டனக் கடிதம் எழுதினார். அப்போது வயது 78. அரசின் நிழலில் ஒதுங்கியவர் செய்கிற வேலையா இது?

ஆற்றுமணல்:
1917 ஆகஸ்ட் மாஸ்கோ மாநாட்டில் போரைத் தொடரச் சொல்லிப் பேசியதும் அவர்தான். அதை விட்டுவிட்டீர்கள். எறும்புக்கும் பதில் வரவில்லை.

கருப்புமை:
மாநாட்டுப் பேச்சு உண்மைதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எறும்புக்குப் பதில்: பிரெஞ்சுத் தொழிலாளியும் ஜெர்மன் தொழிலாளியும் தாங்களாகக் கிளம்பிப் போய் அடித்துக்கொள்ளவில்லை. 1914 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸிலிருந்தும் பெர்லினிலிருந்தும் ஆள்திரட்டும் ஆணை வந்தது. எந்தப் புற்றுக்கும் அப்படி ஆணை வருவதில்லை.

ஆற்றுமணல்:
ஆணை வந்ததும் போனார்களே, லட்சக்கணக்கில். உங்கள் பரஸ்பர உதவி அன்றைக்கு எங்கே இருந்தது?

மூன்றாம்பக்கம்:
பதுங்குகுழிக்குள் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பக்கப் பதுங்குகுழியிலும்.