200 அடிக் குழாய்க்கிணற்றுக்கு முன், பூட்டிக் கிடக்கும் எங்கள் கிணறுகளைப் பற்றி

வணக்கம் உறவுகளே,

போன கிழமை எங்கள் ஊர்ச் சங்கத்தின் நிர்வாகக் குழு அனுப்பிய மடலை மூன்று தரம் வாசித்தேன். ஊர்ப் பாடசாலைக்குப் பின்வளவில் 200 அடிக்குக் குழாய்க்கிணறு அடிக்கக் காசு சேர்க்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அந்த 200 அடிதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. தலைவர் அண்ணை கோபிக்க வேண்டாம். அவசரப்பட்டு ஒப்பந்தம் எழுதாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது வன்னியிலோ கண்டிப் பக்கத்திலோ கற்பாறை உள்ள இடத்தில் சரியாக இருக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில், எங்கள் வலிகாமத்தில் அது தலைகீழ். செம்மண்ணுக்குக் கீழே எங்களுக்கு இருப்பது சுண்ணாம்புக்கல். மூன்று பக்கமும் கடலும் கடனீரேரியும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, வழுக்கையாறும் மாரிக்கு மட்டுந்தான் ஓடி அராலியில் போய் விழுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழைதான் கல்லுக்குள் இறங்கி, அடியிலே நிற்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது. நடுவில் தடிப்பு, கரைப் பக்கம் போகப் போக மெல்லிசு. நாங்கள் குடித்து வளர்ந்ததும், வெங்காயமும் புகையிலையும் வைத்ததும் அந்த வில்லையில்தான்.

இதற்கு நூறு வருடத்துக்கு மேல் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். உப்புத் தண்ணீர் கொஞ்சம் பாரம் கூடியது என்பதால் வருகிற கணக்கு இது. இதன் மறுபக்கத்தை யோசித்துப் பாருங்கள். நாங்கள் இறைத்து மேலே 1 அடி குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். ஆழக் குழாய் இறக்கிப் பலமான மோட்டர் போட்டால், குழாய்க்கு நேர் கீழே உப்பு கூம்பு போல எழும்பும். அப்படி எழும்பினது மோட்டரை நிறுத்திய மறுநாளே இறங்கிவிடாது. பக்கத்து வளவுக்காரரின் கிணறும் சவர்த்துப் போகும், அவர் ஒரு குற்றமும் செய்யாமலே.

நிலாவரை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அடி இல்லாத கிணறு, தேசிக்காய் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று அம்மம்மா சொன்னதை நானும் நம்பினேன். ஆட்கள் அளந்து பார்த்தபோது அடியும் இருந்தது, மேலே நன்னீரும் கீழே போகப் போக உப்பும் இருந்தது. அந்தப் பாடம் புத்தூரில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிடக்கிறது.

எங்கள் தண்ணீரைப் பற்றி யோசித்த பெரியவர்கள் இல்லாமல் இல்லை. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களிலேயே, ஆனையிறவுக் கடனீரேரியையும் வடமராட்சிக் கடனீரேரியையும் மழைநீரால் நன்னீராக்கி நிலத்தடியை ஊட்டலாம் என்று திட்டம் போட்டார். தொண்டைமானாற்றுத் தடுப்பணை அந்த யோசனையோடு சேர்ந்ததுதான். 1964இல் அரச நிறுவனமான நீர்வள சபைக்குச் சட்டம் வந்தது. 1980களின் தொடக்கத்திலேயே எங்கள் பக்கத்து ஆய்வாளர்கள் கிணறுகளில் நைத்திரேற்று என்ற மாசு கூடுகிறது என்று எழுதி வைத்தார்கள். பிறகு சண்டை. கிணற்றடிக்கு ஆள் போக முடியாத வருடங்களில் யார் போய் அளப்பது? வலிகாமம் வடக்கில் அப்போது சனமே இல்லை. நிலத்தடி நீருக்கு ஒரு வருடத்து அளவு போதாது. மாரியும் கோடையும் மாறி மாறிப் பத்துப் பதினைந்து வருடம் தொடர்ந்து அளந்தால்தான் அது இறங்குகிறதா, தாங்கி நிற்கிறதா என்று சொல்ல முடியும். எங்களுக்கு அந்தத் தொடர்தான் அறுந்து போனது.

சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, அளவுகள் இல்லாததன் விலை தெரிந்தது. ஒரு அறிக்கை எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொரு அறிக்கை ஆபத்தில்லை என்றது. சனம் போத்தலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றது. தண்ணீர் பவுசர் வரும்வரை குடங்களோடு காத்திருந்தவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர். 2019இல்தான் உச்ச நீதிமன்றம் மின்நிலையக் கம்பனியை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. முந்தின பத்து வருட அளவுகள் கிணறு கிணறாகக் கையில் இருந்திருந்தால், அந்த இழுபறி இவ்வளவு காலம் போயிருக்காது என்று உறுதியாக நினைக்கிறேன்.

நைத்திரேற்றைப் பற்றி ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கைக்குழந்தை உள்ள வீடுகள் ஊரில் இருக்கின்றன. தோட்டத்துக்குப் போடும் யூரியாவாலும், கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலசலகூடக் குழியாலும் வருவது அது. நிறமில்லை, மணமில்லை, உருசியில் தெரியாது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். எங்கள் அம்மாமார் கவனமாகக் கொதிக்க வைத்துப் பால்மா கரைத்துக் கொடுத்தார்கள், அவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

குழாய்த் தண்ணீர்தான் வருகிறதே, இனிக் கிணறு எதற்கு என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் குடாநாட்டோடு பகிர்வதில் கிளிநொச்சி விவசாயிகளுக்கு இருந்த பயத்தால் அது நடக்காமல் போய், தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆவணியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 2 கோடியே 40 லட்சம் லீற்றர் அதன் கொள்ளளவு. குடிக்க அது பெரிய உதவி, நான் மகிழ்ச்சியோடுதான் வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீரில் யாரும் வெங்காயம் வைக்கப் போவதில்லை. தோட்டம் கிணற்றை நம்பித்தான் இருக்கிறது, தோட்டம் போனால் ஊரில் மிச்சம் இருக்கும் இளம் பெடியள் எதை நம்பி இருப்பது?

சரி, என் யோசனைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று விரல் விட்டு எண்ணினேன், இரண்டு கையும் போதவில்லை. அந்த வளவுகளில் எல்லாம் கல்லுக் கட்டின நல்ல கிணறு இருக்கிறது. யாரும் இறைக்காத கிணறு என்றபடியால், நிலத்தடி மட்டத்தை உள்ளபடியே காட்டும். அளப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. போன ஆடியில் ஊருக்குப் போனபோது எங்கள் கிணற்றில் தொடங்கிவிட்டேன். கட்டில் ஒரு புள்ளியைப் பெயின்ரால் குறித்து, அங்கேயிருந்து தண்ணீர் மட்டத்துக்கு நாடாவால் அளப்பது. கையில் பிடிக்கும் மின்கடத்துதிறன் மானியை முக்கி உப்பின் அளவைப் பார்ப்பது. பக்கத்து வீட்டில் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பிள்ளை கிழமைக்கு ஒரு தரம் அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறாள். ஆவணிக்குள் தண்ணீர் ஐந்து கல்வரி இறங்கினது. மார்கழி மழைக்கு எவ்வளவு ஏறும் என்று பிள்ளையே என்னைக் கேட்கிறாள். இனித் தானாகவே மணிக்கணக்கில் பதியும் சின்னக் கருவி ஒன்றை இறக்கலாம் என்று பார்க்கிறேன்.

ஆகவே கேட்பது இதுதான். குழாய்க்கிணற்றுக் காசில் ஒரு பகுதியை, பாடசாலைக்கு மழைநீர்த் தொட்டியும் வடிகட்டியும் வைக்க ஒதுக்குங்கள். இன்னொரு பகுதியில் பத்துக் கிணறுகளுக்கு அளவுக் கருவியும், அளக்கும் பிள்ளைகளுக்குச் சிறு கொடுப்பனவும், மாரிக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக நைத்திரேற்றுப் பரிசோதனையும். மூன்று வருடத்துக்கு உறுதி வேண்டும், ஒரு வருடத்தில் விடுவதென்றால் தொடங்காமல் இருப்பது நல்லது. எழுதும் கொப்பியின் பிரதி நீர்வள சபைக்கும் யாழ் பல்கலைக்கழகத்துக்கும் போகட்டும். தங்கள் கிணற்று அளவு வெளியில் தெரிய விரும்பாதவர்கள் சொல்லுங்கள், வளவின் பெயர் இல்லாமல் எண் மட்டும் போடுவோம்.

சம்மதம் உள்ளவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். கிணறு எந்த ஒழுங்கையில், கடைசியாக எப்போது இறைத்தது, படலைத் திறப்பு ஊரில் யாரிடம் இருக்கிறது, இந்த மூன்றும் போதும்.

அன்புடன்,
புளியடி வளவுக் கடைசிப் பெடியன், ஒஸ்லோ