கன்கூனிலிருந்து சிச்சென் இட்சா, செனோட்டே: ஒருநாள் பஸ் சுற்றுலாவில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி:
மெக்சிகோவின் கன்கூனிலிருந்து ஒரு பஸ் சுற்றுலா: சிச்சென் இட்சா (பிரமிடு உள்ள பழைய மாயா நகரம்), இக் கில் செனோட்டே (சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான இயற்கைக் கிணறு), வயதோலித் ஊர் மூன்றும் ஒரே நாளில், வழிகாட்டியோடு. அம்மாவுக்கு 64 வயது, நீச்சல் தெரியாது. பணம் கட்டுமுன் என்ன கேட்கணும்?

பதில் 1:
நுழைவுக் கட்டணம் சேர்த்தா என்று முதலில் கேளுங்க. சிச்சென் இட்சாவில் மத்திய தொல்லியல் நிறுவனத்துக்கு ஒன்று, யுகதான் மாநிலத்துக்கு ஒன்று, ஆக இரண்டு கட்டணம். விலை ரொம்ப மலிவாக இருந்தால் பெரும்பாலும் இவை அதில் இருக்காது, பஸ் ஏறியபின் வசூலிப்பார்கள். பெசோ ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்க.

அடுத்து, கிளம்பும் நேரம். தூரம் சுமார் 200 கி.மீ., நேராகப் போனால் இரண்டரை மணி. ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றும் பஸ் இன்னும் இழுக்கும். வாசல் 8 மணிக்குத் திறக்கும். உச்சிவெயிலில் போய் இறங்கினால் பிரமிடைச் சுற்றி நிழலே இல்லை. அதில் ஏறவும் விடமாட்டார்கள்.

பதில் 2:
கன்கூன் கடிகாரம் யுகதானைவிட 1 மணி நேரம் முன்னால். போன் தானாக மாறும், கைக்கடிகாரம் மாறாது. பஸ்ஸுக்குத் திரும்பும் நேரம் எந்தக் கணக்கு என்று வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்க.

பதில் 3:
இக் கில்லில் தண்ணீர் தரைமட்டத்துக்குச் சுமார் 26 மீட்டர் கீழே. படிகள் ஈரமாக வழுக்கும், முழங்கால் வலி இருந்தால் அம்மா மேலிருந்தே பார்க்கலாம். ஆழம் 40-50 மீட்டர் அளவு, நிற்க இடமில்லை. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். குளித்துவிட்டுத்தான் இறங்கணும். சன்ஸ்கிரீன் பூசாதீங்க: சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஓடும் அந்த நீர்தான் வட்டாரத்துக்கே குடிநீர். முழுக்கை நீச்சல் சட்டை போதும்.