ஓவியத்தில் பார்த்த இடங்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அலைவாய்:
எத்ரெத்தா, பிரான்சின் வடக்குக் கடற்கரை ஊர். ஓவியர் மொனே அங்கே வரைந்த பாறை வளைவுகளைத் தெரியாதவர் இங்கே இருக்க மாட்டார்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன். போர்த் தாவால் வளைவின் அடியில் ஒரு கூட்டம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிய பிறகுதான் ஒரு பெண் அலறினார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கடல் நீர் ஏறி இறங்குவதுதான் ஓதம். அந்தக் கரையில் பெரிய ஓதத்தன்று நீர்மட்டம் ஏறக்குறைய 8 மீட்டர் ஏறி இறங்கும். அது சீராக ஏறுவதில்லை. தாழ் ஓதம், அதாவது நீர் மிகவும் இறங்கிய நேரம், முடிந்த முதல் மணியில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கு என்று தோராயமாகக் கணக்கு வைப்பார்கள். அதன்படி மூன்றாம் மணியில் மட்டும் 2 மீட்டர். முதல் மணியில் அசைவே தெரியாததால்தான் ஆட்கள் சிக்குகிறார்கள். தாழ் ஓதத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்குங்கள், தாழ் ஓத நேரத்தில் திரும்பத் தொடங்கிவிடுங்கள்.

பிரெஞ்சு ஓத அட்டவணையில் நேரத்தோடு 20 முதல் 120 வரை ஓர் எண் இருக்கும். எண் பெரிதாக இருந்தால் கரை நன்றாக விரியும், ஆனால் அன்றைக்குத்தான் தண்ணீர் வேகமாகத் திரும்பும். இன்னொன்று: சில அட்டவணைகள் ஆண்டு முழுவதும் குளிர்கால நேரத்திலேயே அச்சாகின்றன, அவற்றுக்குக் கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். ஏற்கெனவே கூட்டிய அட்டவணையில் நீங்களும் கூட்டினால் ஒரு மணி நேரம் தாமதம், அது உயிருக்கு ஆபத்து. 1885 நவம்பரில் மொனேவே மன்போர்த் வளைவின் கீழ், ஓதம் இறங்குகிறது என்று உறுதியாக நம்பி வரைந்துகொண்டிருந்தார். ஓர் அலை அவரைப் பாறையில் மோதி இழுத்துப்போனது. தட்டில் இருந்த சாயம் முகத்திலும் தாடியிலும் அப்பியது, ஓவியச் சட்டம் கடலோடு போனது. இதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சாய்கதிர்:
ஓதம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் எத்ரெத்தாவில் பெரும்பாலானோர் ஏமாறுவது வேறு விஷயத்தில். ஊசிப்பாறை அருகே சூரியன் விழும் அந்த 1883 ஓவியத்தை மனத்தில் வைத்து ஜூலையில் போகிறார்கள். ஜூலையில் சூரியன் வடமேற்கே, வெறும் கடலில் விழும். பாறைப் பக்கமே வராது. இருட்டும் வரை காத்திருந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

டெக்சாஸ் வானியலாளர்கள் சூரியன் நின்ற இடம், கடல் மட்டம், மொனேயின் கடிதங்கள் மூன்றையும் ஒப்பிட்டு அந்த ஓவியத்தின் கணத்தை 1883 பிப்ரவரி 5, மாலை 4.53 என்று கணித்தார்கள். அது அன்றைய உள்ளூர் நேரம். இன்றைய பிரெஞ்சுக் கடிகாரத்தில் ஏறக்குறைய 5.50. பிப்ரவரி முதல் வாரத்தில் போக முடியாதவர்கள் நவம்பர் முதல் வாரத்தில் போகலாம், சூரியன் வானத்தில் அதே சாய்வில் இருக்கும். அஸ்தமனம் மட்டும் சுமார் அரை மணி நேரம் முன்னதாக வரும்.

சுண்ணாம்புமலை:
சான்ட்-விக்துவார், தெற்கு பிரான்சில் ஓவியர் செசான் பலமுறை வரைந்த மலை. அதைப் பார்க்க ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகருக்கு மேலே லே லோவ் குன்று. காலை பத்து மணிக்கு அங்கே நின்றால் மலை வெறும் சாம்பல் நீல நிழல், மடிப்பே கிடையாது. "இதையா செசான் திரும்பத் திரும்ப வரைந்தார்?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அவரைப் பிடித்து நிறுத்தாதது இன்னும் உறுத்துகிறது. அங்கிருந்து மலை கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியன் அதற்குப் பின்னால். மூன்று மணிக்குப் பிறகுதான் மேற்கு முகத்தில் வெயில் விழுந்து, ஒவ்வொரு பாறைத் தளமும் தனித்தனி நிறமாகப் பிரியும்.

செசானின் ஸ்டுடியோவைப் பார்த்துவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். 1902 முதல் 1906-இல் இறக்கும் வரை அவர் வேலை செய்த இடம் அது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் மலை தெரியும் இடம் இன்னும் மேலே. அதே சாலையில் கால் மணி நேரம் ஏறினால் ஓவியங்களின் பிரதிகளை வரிசையாக நிறுத்திய சிறு பூங்கா வரும். அங்கே கைபேசியின் அகன்ற லென்ஸில் எடுத்தால் மலை சுருங்கிப்போகும். செசான் மலையை உண்மை அளவைவிடப் பெரிதாக்கி முன்னால் இழுத்திருக்கிறார். இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூம் வைத்தால்தான் ஓவியத்தின் விகிதம் கிட்டும். மிஸ்ட்ரல் என்னும் வறண்ட வடகாற்று அடித்து ஓய்ந்த மறுநாள் மிகத் தெளிவு.

யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் ஏற நினைப்பவர்களுக்கு: சிலுவை நிற்கும் முகடு 946 மீட்டர், மிக உயர்ந்த முனை 1011 மீட்டர். வடக்கே கபசோல் பக்கத்திலிருந்து சிலுவைக்கு இரண்டு மணி நேரம். பிமோன் அணையிலிருந்து நீலக் குறியிட்ட பாதை நீளமானது, ஆனால் அழகு அதில்தான். பல கால்கள் தேய்த்துச் சுண்ணாம்புக்கல் வழவழத்துப் போயிருக்கிறது. வழுக்குவது பெரும்பாலும் இறங்கும்போது. தட்டையான அடியுள்ள காலணி வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், மேலே கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை தீ அபாயத்தைப் பொறுத்து மலை திறக்கும், மூடும். மறுநாள் நிலவரம் முந்தைய மாலை வெளியாகும். 1989 தீயில் அந்தச் சரிவுகள் எரிந்ததை அறிந்தவர்கள் இந்த விதியில் எரிச்சல்பட மாட்டார்கள்.

நீரோட்டம்:
சாய்கதிர் நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. நிமிடக் கணக்கெல்லாம் மொனேவுக்குப் பொருந்தலாம். ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிளின் வைக்கோல் வண்டி ஓவியத்துக்கு? இங்கிலாந்தின் ஃபிளாட்ஃபோர்டில் ஆலைக்குளத்து விளிம்பில் நின்றால் இடப்பக்கம் ஓவியத்தில் உள்ள வில்லி லாட் வீடு அப்படியே இருக்கிறது, மெய்சிலிர்க்கும். ஆனால் 185 சென்டிமீட்டர் அகல அந்த ஓவியத்தை அவர் லண்டன் ஸ்டுடியோவில் வைத்து, பழைய குறிப்போவியங்களிலிருந்து வரைந்து, 1821-இல் காட்சிக்கு வைத்தார். வண்டியின் அமைப்புக்கு நண்பரின் மகன் ஊரிலிருந்து கோட்டோவியம் அனுப்பினார். எந்த நிமிடத்தை அங்கே தேடுவீர்கள்? வான்கோவின் விண்மீன் இரவிலும் அதே கதை. சான்-ரெமி மனநல இல்லத்தில் அவருடைய கிழக்கு ஜன்னலிலிருந்து அந்த ஊர் தெரியாது, அவர் சேர்த்தது.

வான்கோ வரைந்த ஆர்ல் நகரக் காபிக்கடையின் மஞ்சள் சுவரும் அப்படித்தான். 1888 ஓவியத்தில் மஞ்சளாக எரிவது விளக்கொளி. சுவருக்கு மஞ்சள் பூசியது பிற்காலத்தில், ஓவியத்தைப் பார்த்து. பகலில் பார்த்தால் வெறும் பெயின்ட். அங்கே அவர் குடியிருந்த மஞ்சள் வீட்டைத் தேடி அலையாதீர்கள், 1944 குண்டுவீச்சில் போய்விட்டது.

ஃபிளாட்ஃபோர்டுக்கு மானிங்ட்ரீ ரயில் நிலையத்திலிருந்து ஆற்றோரம் 3 கிலோமீட்டர் நடை. மழைக்கு மறுநாள் முழுக்கச் சேறு.

வேர்முடிச்சு:
நீரோட்டம், வான்கோ கடைசியாக வாழ்ந்த ஓவேர்-சுர்-உவாஸ் ஊருக்குப் போய்விட்டு வந்து பேசுங்கள். வான்கோவின் கடைசி ஓவியமான மர வேர்கள் எந்த இடம் என்று 2020-இல் ஒரு பழைய அஞ்சலட்டையை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அவர் தங்கிய ராவூ விடுதியிலிருந்து சுமார் 150 மீட்டர், தெருவோர மண்சரிவு. அந்தத் தடித்த வேர் இன்னும் அதே வளைவில் நிற்கிறது. காரில் போனால் கண்ணில் படாது.

தேவாலயத்தைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள், ஓவியத்தின் கோணம் அதுதான். கோதுமை வயலுக்கு ஜூன் கடைசி, ஜூலை முதல் பாதி. பிறகு அறுவடையாகித் தாள்தான் மிச்சம்.

முகட்டுமேகம்:
ஐரோப்பாவை விட்டு வெளியே வருவோமா? ஜப்பானில் சத்தா கணவாய், ஓவியர் ஹிரோஷிகே தோக்காய்தோ என்னும் பழைய நெடுஞ்சாலையை வரைந்த வரிசையில் யுயி என்ற படம். பயணிகள் செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து ஃபூஜி மலையை எட்டிப் பார்க்கும் படம். அங்கே போனதும் கீழே கடலோரம் விரைவுச்சாலை, தேசிய நெடுஞ்சாலை, ரயில் தண்டவாளம் மூன்றும் நெருக்கியடித்து ஓடுவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. மலைக்கும் கடலுக்கும் இடையில் வேறு வழியே கிடையாது. அந்தக் கரையும் 1854 நிலநடுக்கத்தில் மேலெழும்பிய பிறகுதான் நடக்கத் தோதானது. அதற்கு முன் கடலோர வழி அலையின் தயவில், அதனால்தான் மேலே கணவாய்ப் பாதை. ஆகவே அந்த நெரிசலும் ஹிரோஷிகே வரைந்த அதே நில அமைப்பின் விளைவு.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை ஒன்பதுக்குள் மேலே இருங்கள். கோடையில் ஃபூஜி பல நாள் மேகத்துக்குள்ளேயே இருக்கும். பலர் யுயி நிலையத்தில் இறங்கி மேற்கே நடக்கிறார்கள், ஃபூஜி முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. மேற்கே உள்ள ஒகித்சு பக்கமிருந்து ஏறுங்கள். ஏற்றம் செங்குத்து, ஒரு மணி நேரத்துக்குள் முடியும், மேலே போனதும் மலை நேர் எதிரே. இறங்கி யுயியில் ரயில் பிடிக்கலாம்.