பி0420 பிழைக்குறி: பழுது கன்வர்ட்டரிலா, ஆக்சிஜன் சென்சாரிலா?

கேள்வி:

என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டில் தயாரான நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். சில காலமாகச் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0420 என்ற ஒரே குறிதான் வருகிறது; அழித்தாலும் சில நாட்களில் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு மெக்கானிக் பின்பக்க ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார். மற்றொருவர் எக்ஸாஸ்ட் புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரே போய்விட்டது என்கிறார். பிக்கப் குறையவில்லை. ஆனால் காலையில் வண்டியைக் கிளப்பியதும் இன்ஜின் பக்கம் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. இன்ஜின் சூடேறியதும் அது நின்றுவிடுகிறது. நேரலை அளவுகளைக் காட்டும் ஸ்கேனர் கையில் இருக்கிறது. எதையும் வாங்குவதற்கு முன் நானே எவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்?

பதில் 1:

பி0420 எந்த உதிரிப்பாகத்தின் பெயரையும் சொல்வதில்லை. கன்வர்ட்டரின் செயல்திறன் எதிர்பார்த்த அளவுக்குக் கீழே இருப்பதாக இன்ஜின் கணினி முடிவு செய்திருக்கிறது, அவ்வளவே. அந்த முடிவுக்குச் சாட்சி, கன்வர்ட்டருக்குப் பின்னால் இருந்து புகையிலுள்ள ஆக்சிஜனைக் கவனிக்கும் பின்பக்க சென்சார்; முன்பக்க சென்சார் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும். எனவே சாட்சியையே குற்றவாளி என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் வீண்செலவில்தான் முடியும். சென்சாரின் ஹீட்டர் பழுதாகியிருந்தால் பி0141 போன்ற தனிக்குறி வந்திருக்க வேண்டும்.

உங்கள் காரில் சாதாரண ஜிர்கோனியா வகை சென்சார்கள் இருப்பதாகக் கொண்டு சொல்கிறேன். இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, நிமிடத்துக்கு 2500 சுழற்சியில் நிலையாக வைத்துக்கொண்டு இரண்டு சென்சார்களின் மின்னழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். முன்பக்க சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை விடாமல் ஏறி இறங்க வேண்டும். பின்பக்க சென்சார் 0.6 அல்லது 0.7 வோல்ட் அருகே ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். ஏனெனில் கன்வர்ட்டருக்குள் இருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைப் பிடித்து வைத்தும் விடுவித்தும் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடும். பின்பக்க சென்சாரும் முன்பக்கத்தைப் போலவே ஆடினால் மட்டுமே கன்வர்ட்டரைச் சந்தேகிக்கலாம். கூடவே ஃப்யூயல் ட்ரிம் அளவுகளை (கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது) ஐடிலிங்கிலும் 2500 சுழற்சியிலும் குறித்துக்கொண்டு வாருங்கள். பழைய குறியை இப்போதைக்கு அழிக்க வேண்டாம். அழித்தால் அதனுடன் பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும் (குறி விழுந்த நேரத்தில் இன்ஜின் இருந்த நிலை) போய்விடும்.

பதில் 2:

கன்வர்ட்டரின் முன்னும் பின்னும் வெப்பமானியைக் காட்டி, பின்பக்கம் சூடு கூடுதலாக இருந்தால் கன்வர்ட்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யும் வழக்கம் உண்டு. கலவையைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் இன்ஜினில் எரிவதற்கு மிச்சம் குறைவாகவே வரும் என்பதால், நல்ல கன்வர்ட்டரிலும் அந்த வேறுபாடு சிறிதாகவே இருக்கக்கூடும். அதை நம்பி எதையும் மாற்றாதீர்கள். வேகம் எடுக்கும்போது வண்டி திணறினால்தான் கன்வர்ட்டரில் அடைப்பைத் தேட வேண்டும்; முன்பக்க சென்சாரின் துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பின்னழுத்தத்தை அளந்தால் அது தெரிந்துவிடும். உங்களுக்குப் பிக்கப் குறையவில்லை என்பதால் அந்த வேலை இப்போது தேவையில்லை.

கேள்வி கேட்டவர்:

அளவுகளை எடுத்தேன். 2500 சுழற்சியில் பின்பக்க சென்சார் 0.6 வோல்ட் அருகே அதிகம் அசையாமல் இருக்கிறது. ஐடிலிங்கில் மட்டும் அடிக்கடி 0.1 வரை சரிகிறது. நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் ஐடிலிங்கில் +15 சதவீதம், 2500 சுழற்சியில் +4 சதவீதம்.

பதில் 1:

இந்த அளவுகளைப் பார்த்தால் கன்வர்ட்டரை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐடிலிங்கில் ட்ரிம் மிகுந்தும் சுழற்சி கூடும்போது குறைந்தும் வந்தால், அளவிடப்படாத காற்று எங்கிருந்தோ நுழைகிறது என்று பொருள். அது இன்டேக் பக்கத்து வேக்குவம் லீக்காகவும் (இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள கசிவு) இருக்கலாம், எக்ஸாஸ்ட் பக்கத்து ஓட்டையாகவும் இருக்கலாம். எக்ஸாஸ்ட் குழாயில் அழுத்தம் அலை அலையாக வருவதால், இரண்டு அலைகளுக்கு இடையே ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள ஆக்சிஜனைக் கண்ட முன்பக்க சென்சார் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று தவறாகச் சொல்லும், கணினியும் பெட்ரோலைக் கூட்டும். அந்த ஆக்சிஜனே பின்பக்க சென்சாரின் அளவையும் கீழே இழுக்கக்கூடும்.

குளிர்ந்த இன்ஜினில் கேட்டு, உலோகம் விரிந்ததும் நின்றுவிடும் அந்தச் சத்தம், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கட்டையோ மேனிஃபோல்டில் உள்ள விரிசலையோதான் முதலில் நினைக்க வைக்கிறது. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, காற்றை வெளியே ஊதும் நிலையில் வேக்குவம் கிளீனர் குழாயைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்தி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளியுங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. அங்கே கரும்புகைத் தடமும் படிந்திருக்கும். எங்கும் குமிழி வராவிட்டால் இன்டேக் பக்கத்து வேக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பதில் 3:

ஓட்டையை அடைக்கச் சாதாரண சிலிக்கான் பசையைப் பயன்படுத்த வேண்டாம்; அதன் ஆவி சென்சாரையே கெடுத்துவிடும். இன்ஜின் ஆயில் குறைகிறதா என்பதையும் கவனியுங்கள். எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கன்வர்ட்டரின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும்; அப்படி இருந்தால் புதிதாக மாற்றும் கன்வர்ட்டரும் நெடுநாள் தாங்காது. ஓட்டையைச் சரிசெய்து, குறியை அழித்து, கன்வர்ட்டர் மானிட்டர் (கணினி தானே கன்வர்ட்டரைச் சோதிக்கும் சோதனை) முழுமையடையும் வரை ஓட்டிய பிறகும் பி0420 திரும்பி வந்தால், 2500 சுழற்சி அளவை மறுபடி எடுத்து இங்கே எழுதுங்கள்.